மண்சுவருக்குச் சிமெண்ட் பூச்சு

பழைய வீட்டைப் புதுப்பித்துக் கொடுத்துப் பிழைக்கும் கூட்டாளிகளே, மழை மேகத்தைப் பார்த்தால் பூசிக் கொடுத்த சுவர்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்ப்பது நான் மட்டும்தானா, நீங்களும் உண்டா?

வாயெல்லாம் பல்

வடக்குப்பட்டில் ஏழுமலைக்கு அப்பா காலத்து ஓட்டு வீடு ஒன்று இருந்தது. மண்சாந்தில் செங்கல் அடுக்கி, மேலே சுண்ணாம்பு பூசிய ஒன்றரை அடிச் சுவர். பக்கத்திலேயே மாடி வீடு கட்டிக் குடிபோனவர், பழையதைக் கம்பெனிப் பையன்களுக்கு வாடகைக்கு விட நினைத்தார். "தரையிலேர்ந்து ஈரம் ஏறும் சார். சுண்ணாம்பே பூசுவோம், தானா காஞ்சிடும்" என்றார் என் கொத்தனார் முனுசாமி. நான் கேட்கவில்லை. படித்தவன் இல்லையா? உள்ளும் புறமும் சிமெண்ட் பூசி, பெயிண்டும் அடித்தேன். ஏழுமலைக்கு வாயெல்லாம் பல்.

"இப்பதான் சார் இது வூடு மாரி கீது" என்றார்.

பகல் தூக்கம்

மூன்றாம் வருஷ ஐப்பசி மழையில் ஏழுமலை போன் செய்தார். வடக்குச் சுவர் வீங்கியிருக்கிறதாம். ஓடினேன். தட்டினால் பொள்ளலாகச் சத்தம் கேட்டது. ஆணியால் கீறியதும் மண்சாந்து கூழாக வழிந்தது. வெளியேற வழியில்லாமல் ஈரம் மூன்று வருஷமாக உள்ளேயே ஊறியிருக்கிறது. அந்தச் சுவரடியில் தென்காசிப் பையன்கள் ஐந்து பேர் வரிசையாகத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருவரையும் உலுக்கினேன். ஒருவன் போர்வையை இழுத்து மூடிக்கொண்டான்.

"நைட் ஷிப்ட் முடிச்சு இப்பந்தான் படுத்தோம் அண்ணாச்சி. சுவரு விழுந்தா எழுப்புங்க."

ஐந்து பாய்

கெஞ்சிப் பார்த்தேன், கத்திப் பார்த்தேன். கடைசியில் மெயின் சுவிட்சை அணைத்து ஃபேனை நிறுத்தினேன். கொசுக்கடி தாங்காமல் எழுந்தவர்கள், என்னைத் திட்டிக்கொண்டே ஏழுமலையின் மாடிக்குப் போனார்கள்.

மறுநாள் காலையில் சுவரும் ஓடும் அந்த ஐந்து பாய்மேல் கிடந்தன. பையன்கள் தெருவில் நின்று எட்டிப் பார்த்தார்கள். நான் வெட்கமில்லாமல் அழுதேன். என் பூச்சுதான் காரணம் என்று சொல்ல வாயெடுத்தேன், மூக்கைச் சிந்தி மழுப்பிவிட்டேன். சேதி கேட்டு வந்த முனுசாமி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏழுமலைதான் என் தோளில் கைபோட்டுத் தேற்றினார்.

"உட்டுத்தள்ளு சார், நீ இன்னா பண்ணுவ? பழைய மண்ணு, ஏமாத்திடுச்சி. இனிமே புல்லா சிமெண்ட்லயே கட்டிக் குட்த்துடு."

அதையும் நானே கட்டிக் கொடுத்தேன். சுவருக்குப் பயந்த காலம் போய், முனுசாமி என்றைக்கு வாயைத் திறப்பாரோ என்று பயந்துகொண்டு இப்போது காலம் ஓடுகிறது.