சின்னம்மாவுக்கு எந்தக் கத்தி?

சின்னம்மாவுக்கு மடங்கும் கத்தியா, மடங்காத கத்தியா என்று எங்கள் வீட்டில் மூன்று நாள் வழக்கு நடந்தது. நான் அப்போது நாலாம் வகுப்பு. நியாயமாகப் பார்த்தால் தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்குத்தான் இருந்தது. ஆனால் என்னை யார் கேட்டார்கள்!

சின்னம்மா, அதாவது அம்மாவின் தங்கை, எங்களோடுதான் இருந்தாள். யாழ்ப்பாணம் ரவுணில் கணினி வகுப்புக்குப் போய்வந்தாள். பின்னேரம் சண்டிலிப்பாய்ச் சந்தியில் பஸ்ஸால் இறங்கி, அங்கே விட்டுவைத்த சைக்கிளில் புகையிலைத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு மைல் மிதிக்க வேண்டும். அந்த ஒழுங்கையில்தான், மோட்டார் சைக்கிளில் வந்த இரண்டு பேர் ஒரு ரீச்சரின் சங்கிலியை அறுத்துக்கொண்டு பறந்துவிட்டார்கள். "வகுப்பும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம். பிள்ளை வீட்டிலை இருக்கட்டும்" என்றார் அப்பா. சோதனை எழுத இரண்டு மாதம்தான் கிடந்தது. சின்னம்மா இரண்டு நேரம் சாப்பிடவில்லை. மூன்றாம் நேரம் எழும்பி வந்து, "நான் கத்தி கொண்டு போறன், அத்தான். வகுப்பை மட்டும் நிப்பாட்டாதையுங்கோ" என்றாள்.

அவ்வளவுதான். வகுப்பை மறந்து கத்தியைப் பிடித்துக்கொண்டார்கள் வீட்டு ஆண்கள்.

அப்பாவுக்குக் கந்தோரில் எழுத்து வேலை. அவருடைய மேசை லாச்சியை இழுத்தால் ஒரு வில்லுக்கத்தி கிடக்கும். மடக்கினால் விரல் நீளம். தோடம்பழம் உரித்ததைத் தவிர அது ஒரு பாவமும் அறியாது. "கைப்பைக்குள்ளை வைக்கிறதெண்டால் கத்தி மடங்கவேணும். மடங்காததை வைச்சால் கள்ளனுக்கு முதல் வகுப்புக் கொப்பியெல்லே கிழியும்?" என்றார்.

மாமா, அம்மாவின் தமையன், தோட்டக்காரர். அவர் புகையிலை வெட்டும் கத்தியைத் தீட்டி, பழைய சைக்கிள் ரியூப் றப்பரில் உறையும் தைத்துக்கொண்டு வந்து நின்றார். "கள்ளன் வரேக்கை, 'தம்பி, கொஞ்சம் பொறு, கத்தியை விரிச்சிட்டு வாறன்' எண்டு சொல்லுறதோ?" என்று கேட்டார். நான் களுக்கென்று சிரித்தேன். அப்பா என்னை முறைத்தார்.

சனிக்கிழமை காலை முற்றத்தில் ஒத்திகை. மாமாதான் கள்ளன். துவாயால் முகத்தை மூடிக்கொண்டு, வாயால் மோட்டார் சைக்கிள் ஓட்டிக்கொண்டு வந்தார். கோழிகள் நாலு திசையிலும் சிதறின. முதலில் வில்லுக்கத்தி. அதை விரிக்க இரண்டு கையும் வேண்டுமே! சின்னம்மா சைக்கிளை விட்டாள். சைக்கிளும் விழுந்தது, அவளும் விழுந்தாள், கத்தி மட்டும் விரியவில்லை.

அடுத்தது மாமாவின் கத்தி. ஒரு கை ஹாண்டிலில் இருக்க, மற்றக் கையால் சரக்கென்று உருவினாள் பாருங்கள், கள்ளனே ஓரடி பின்னுக்குப் போனார். ஆனாலும் கள்ளனுக்கும் மானம் உண்டல்லவா? "எடியே, கத்தியைத் தா!" என்று உறுமினார்.

எங்கள் வீட்டில் கத்தியைக் கைக்குக் கை கொடுப்பதில்லை. கொடுத்தால் சண்டை வரும். ஒருவர் நிலத்தில் வைப்பார், மற்றவர் எடுப்பார். பால்குடி மறந்த நாளிலிருந்து பழகிய பழக்கம். சின்னம்மா குனிந்து, கத்தியைப் பக்குவமாக நிலத்தில் வைத்தாள். கள்ளனும் பக்குவமாகக் குனிந்து எடுத்துக்கொண்டார்.

"ஓம், ஓம், கள்ளனோடை சண்டை வந்திடக் கூடாது!" என்று அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி மண்ணில் இருந்துவிட்டாள். மாமா துவாயைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார்.

அப்பாதான் முதலில் சிரிப்பை நிறுத்தினார். "கண்டனியளோ? இனிக் கதையில்லை. வகுப்பு முடிஞ்சுது."

சின்னம்மாவின் முகம் செத்துப்போயிற்று. எனக்கு அழுகை வந்தது. அவள் கழுத்துச் சங்கிலியைக் கழற்றி அம்மாவிடம் நீட்டினாள். "இந்தா அக்கா, உள்ளை வை. இப்ப அறுக்க என்ன கிடக்கு?"

"குமர்ப்பிள்ளை வெறுங்கழுத்தோடை சந்தியிலை இறங்கினால் சனம் என்ன கதைக்கும்?" என்று மாமா பதறினார்.

"கதைக்கட்டும் அண்ணை. சனமோ எனக்குச் சோதனை எழுதப் போகுது?"

அம்மா சங்கிலியை வாங்கிக்கொண்டுபோய் அலுமாரியில் வைத்துப் பூட்டினாள். பூட்டிய சத்தம் முற்றத்துக்குக் கேட்டது. "சரி, திங்கட்கிழமை போகட்டும்" என்றார் அப்பா. நான் முற்றத்தைச் சுற்றி மூன்று தரம் ஓடினேன்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது சின்னம்மா வகுப்புக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தாள். சைக்கிள் கூடைக்குள், கொப்பிகளுக்கு அடியில், மாமாவின் கத்தியை உறையோடு வைத்தாள்.

"சின்னம்மா, சங்கிலிதான் இல்லையே. பிறகேன் கத்தி?"

அவள் என்னைப் பார்த்தாள். படலையைத் திறந்துவிட வந்த அம்மாவைப் பார்த்தாள். "கிடக்கட்டும், குஞ்சு" என்று என் கன்னத்தில் தட்டினாள்.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. ஒழுங்கைக் கரையில் ஒரு கறுத்தக்கொழும்பான் மாமரம் நின்றது. மாம்பழம் வெட்ட அப்பாவின் வில்லுக்கத்தியே போதும் என்று சொல்ல வாய் எடுத்தேன். அதற்குள் சைக்கிள் திரும்பிவிட்டது.

பொழுதுபடுகிற நேரம் படலையடியில் நின்று மாம்பழத்துக்குக் காத்திருந்தேன். அம்மாவும் அடுப்பை அணைத்துவிட்டு வந்து, என்னோடு நின்று ஒழுங்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளும் மாம்பழத்துக்குத்தான் நிற்கிறாள் என்று நினைத்தேன்.