மாமியின் கல்தரை

டென்மார்க்கில் ஹோர்சன்ஸுக்கு அருகே ஒரு கிராமத்துத் தேவாலயத்தின் வரலாற்றைக் கேட்கப் போய், வாசலில் சப்பாத்தைக் கழற்றிய ஒரே முட்டாள் நான்தான். வரலாற்றைவிட என் காலுறை ஓட்டையையே எல்லோரும் கவனித்தார்கள்.

கல்தரையின் குளிர் உள்ளங்காலில் ஏறியதும் மன்னாரில் எங்கள் பங்குக் கோவில் நினைவில் எழுந்தது. பழைய கல்லைப் பெயர்த்துச் சீமெந்து போட மேசன்மார் வந்த காலையில், மாமி தரை நடுவே சம்மணமிட்டு உட்கார்ந்துவிட்டார்.

"எழும்பும் பிள்ளை, வேலை நடக்கட்டும்," என்றார் பங்குத்தந்தை.

"என்னையும் சேத்துக் கிளப்புங்கோ சுவாமி. எங்கட சனம் முழங்கால் தேய்ச்ச கல்லு இது."

மத்தியானம் மேசன்மார் போய்விட்டார்கள். கல் தப்பியது.

அதே வைராக்கியத்தோடு நானும் கால் விறைக்க விறைக்க அந்த வரலாற்று உரை முடியும்வரை நின்றேன். பிறகு தேவாலயப் பராமரிப்பாளரிடம் தரையின் வயதைக் கேட்டேன்.

"போன கோடையில் போட்டது," என்றார். "வெளியே பதித்த பழைய கற்களின் மேல்தான் நீங்கள் உங்கள் காரை நிறுத்தியிருக்கிறீர்கள்."