மெர்சி கீறிப் பார்த்த சிவப்புக் கல்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் சாணைச் சக்கரம் செய்யும் கம்பெனியொன்றில் மெர்சிக்குப் பதினெட்டு வருஷ சர்வீஸ். எடை அறையில் வேலை. எந்தச் சக்கரத்துக்கு எந்தத் தூள், எத்தனை கிராம் என்று சீட்டைப் பார்த்து நிறுத்துத் தர வேண்டும். இரும்பைத் தீட்டும் சக்கரத்துக்குக் குருந்தக்கல் தூள். அது ரோஸ் நிறத்தில் மூட்டையில் வரும். டைல்ஸ் அறுக்கும் சக்கரத்துக்கு வைரத்தூள். மிஷினில் செய்த வைரம், சாம்பல் நிறத்தில் பாக்கெட்டில் வரும்.

வேலைக்குச் சேர்ந்த வாரமே அவள் சூப்பர்வைசரைக் கேட்டாள். "நெசமாவே வைரமா சார் இது? அப்பறம் நகைக்கடையில மட்டும் இன்னாத்துக்கு அந்த வெல?"

"அது வேற, இது வேறம்மா" என்றார் அவர்.

அந்தப் பதில் அவளுக்குப் போதவில்லை. கம்பெனிக்கு வெளியாள் யார் வந்தாலும் பிடித்துக் கேட்பாள். அப்படிக் கேட்டுக் கேட்டுத்தான், இந்த ரோஸ் தூளும் கெம்பு என்கிற மாணிக்கமும் ஒரே சரக்கு என்று தெரிந்துகொண்டாள். வைரம் எதையும் கீறும். அடுத்த படி குருந்தம். கண்ணாடி ரொம்பக் கீழே. இவ்வளவும் அவளுக்கு மனப்பாடம்.

போன வருஷம் அம்மா சாராள் இறந்துபோனார். அவர் விட்டுப்போன நகை இரண்டே இரண்டு. சீட்டுப் போட்டு வாங்கிய ஒற்றைக்கல் வைர மூக்குத்தி ஒன்று. மற்றது சிவப்புக் கல் மோதிரம். பர்மாவிலிருந்து வந்து பக்கத்தில் குடியேறிய ஓர் அம்மாளுக்குச் சாராள் மூன்று பிரசவம் பார்த்ததற்காக அந்த அம்மாள் கழற்றிக் கொடுத்தது. வீட்டில் எல்லோரும் அதைக் கெம்பு மோதிரம் என்றுதான் சொல்வார்கள்.

மெர்சிக்கு ஒரே அக்கா, ஹெலன். எளாவூர் செக்போஸ்ட் பக்கம் லாரிக்காரர்களுக்கு நாஷ்டா கடை நடத்துகிறாள். அவர்கள் குடும்பத்தில் சொத்தென்றால் மூத்தவர் பங்கு வைக்க, இளையவர் எடுக்க வேண்டும். வைக்கிறவர் ஏமாற்ற முடியாது. எடுக்கிறவர் அப்புறம் குறை சொல்ல முடியாது. நாற்பதாம் நாள் பூசை முடிந்ததும் பங்கு என்று பேச்சு.

அதுவரை நகைகள் மெர்சியிடம் இருந்தன. அவளுக்குச் சும்மா இருக்க முடியவில்லை. ஒருநாள் மோதிரத்தைக் கைக்குட்டையில் முடிந்து கம்பெனிக்கு எடுத்துப் போனாள். சாப்பாட்டு இடைவேளையில், உடைந்த சக்கரத்தின் ரோஸ் துண்டு ஒன்றால் கல்லின் ஓரத்தில் மெல்லத் தேய்த்தாள். கெம்பாக இருந்தால் குருந்தத்துக்கு லேசில் மசியாது. கண்ணாடியாக இருந்தால் கோடு விழும்.

கோடு விழுந்தது.

இத்தனை வருஷம் அம்மா கையில் இருந்தது கண்ணாடி! மூக்குத்தியின் மேல் அவளுக்குத்தான் ஆசை. ஆனால் தெரிந்தே அக்காவுக்குக் கண்ணாடியைத் தள்ளுவதா? பங்கு அன்று ஹெலன் இரண்டையும் தட்டில் வைத்தபோது மெர்சி ஒன்றும் சொல்லாமல் மோதிரத்தை எடுத்துக்கொண்டாள். ஹெலன் அன்றைக்கே மூக்குத்தியைப் போட்டுக்கொண்டாள்.

மோதிரம் மெர்சியின் விரலுக்கு இறுக்கம். பெரிதாக்க கும்மிடிப்பூண்டி பஜாரில் ஒரு நகைக்கடைக்குப் போனாள். அங்கே கல் பார்க்கிறவர் அன்புசெல்வன். லென்ஸைக் கண்ணில் வைத்தவர் நிமிர்ந்தார்.

"ஓரத்துல யாரும்மா கீறினது?"

"நான்தான் சார். குருந்தத்தால. கோடு வுழுந்துச்சு, அதான் கண்ணாடின்னு தெரிஞ்சிக்கினேன்."

அவர் சிரித்துவிட்டார். "கணக்கு சரிதாம்மா. ஆனா கண்ணாடிக்கும் குருந்தத்துக்கும் நடுவுல நெறய பேரு குந்திக்கினு இருக்காங்களே, அவங்கள வுட்டுட்டியே!"

சின்னப் பெட்டி மாதிரி ஒரு கருவியில் கல்லைக் கவிழ்த்து அவளையே பார்க்கச் சொன்னார். கெம்பென்றால் இரண்டு கோடு தெரியுமாம். இதில் ஒன்றுதான் தெரிந்தது. பிறகு லென்ஸைக் கொடுத்தார். கல்லுக்குள் சர்க்கரைத் துகள் போலக் குட்டிக் குட்டி மணிகள் வரிசையாக நின்றன.

"இது ஸ்பைனல்னு வேற ஒரு கல்லு. மிஷினு கல்லுல இந்த வரிசை வராது, பூமியில வெளஞ்சதுதான். அந்தக் காலத்துல இதையும் கெம்புன்னுதான் சொன்னாங்க. எதுக்கும் சென்னையில லேபுக்கு அனுப்பி சீட்டு வாங்கிக்க."

"வைரத்த வுட ஒசத்தியா சார்? எங்கக்கா எட்த்துக்கினது ஒத்தக்கல் வைர மூக்குத்தி."

"பெருசா, சுத்தமா இருக்கற வைரம் அபூர்வந்தான். மூக்குத்தி சைஸுல கேட்டா எந்தக் கடையிலயும் பொட்டலமாக் கொட்டிக் காட்டுவான். இந்த சைஸுல, இந்தச் செவப்புல ஒரு ஸ்பைனல் கேட்டுப் பாரு. பஜாரு முழுக்கச் சுத்தினாலும் கெடைக்காது. வைரத்துக்கு நெறம் இல்லாம இருந்தா வெல. இதுக்கு நெறந்தான் வெல. உங்க மூக்குத்தி மாதிரி ஒரு டஜன் வெச்சாலும் இதுக்கு ஈடாவாது."

மோதிரத்தைப் பெரிதாக்காமலே வாங்கிக்கொண்டு மெர்சி வெளியே வந்தாள். விட்டுக்கொடுத்ததாக நினைத்தது எடுத்துக்கொண்டதாகிவிட்டது. சொல்லாமல் இருந்தால் அக்காவுக்கு ஆயுசுக்கும் தெரியப்போவதில்லை. சொன்னால், தெரிந்தே எடுத்தாள் என்பாள். இருக்கிற ஒரே உறவும் போய்விடும். மறுநாள் லீவு போட்டுவிட்டு எளாவூர் பஸ் ஏறினாள்.

ஹெலன் இட்லிக் குண்டானை இறக்கிக்கொண்டிருந்தாள். "இன்னாடி, வேல நாள்ல வந்துக்கிறே? யாருக்கு இன்னா ஆச்சு?"

"யாருக்கும் ஒண்ணும் ஆவல. அன்னிக்கு அந்த மோதிரம் கண்ணாடின்னு நெனச்சுத்தான் எட்த்தேன். வைரம் உனுக்கு இருக்கட்டும்னு."

"என்னாண்ட சொல்லாமயே தியாகி ஆயிட்டியா நீ?"

"முழுசா கேளுக்கா." மெர்சி எல்லாவற்றையும் சொன்னாள். தேய்த்தது, கோடு விழுந்தது, பெட்டிக்குள் பார்த்தது, ஒரு டஜன் மூக்குத்தி.

ஹெலன் கரண்டியைக் கீழே வைத்தாள். "தெரிஞ்சு எட்த்தியா, தெரியாம எட்த்தியா?"

"தெரிஞ்சு எட்த்திருந்தா இங்க இன்னாத்துக்கு வரேன்?"

மெர்சி ஒரு எவர்சில்வர் தட்டை எடுத்துக் கவிழ்த்தாள். அதன்மேல் மோதிரத்தை வைத்தாள். "மூக்குத்தியக் கழட்டி வையி. இந்தத் தபா நான் பங்கு வெக்கறேன். நீ எடு."

ஹெலன் கழற்றி வைத்தாள். இரண்டும் வெயிலில் கிடந்தன. ஹெலன் மோதிரத்தைத் தூக்கிப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இன்னா பேரு சொன்னே?"

"ஸ்பைனலு."

"இந்தப் பேரும் வெலயும் தெரிஞ்சிருந்தா அம்மா கையில தங்கியிருக்குமா? அப்பா எப்பவோ வித்துக் குடிச்சிருப்பாரு" என்றாள் ஹெலன். அப்படியே மோதிரத்தைத் தன் விரலில் போட்டுக்கொண்டாள். அது அவளுக்குச் சரியாக இருந்தது.

மெர்சி, "ஓரத்துல கோடு இருக்குதுக்கா. பாலிஷ் போட்டா போயிடும்" என்றாள்.

"அது அப்டியே கெடக்கட்டும். யாராச்சும் கேட்டா எந்தங்கச்சி கீறிப் பார்த்த எடம்னு சொல்லிக்கிறேன். சாப்டியா, இல்லியா? குந்து."

மெர்சி மூக்குத்தியைக் கையில் எடுத்தாள். முகக்கவசத்தில் உறுத்துகிறதென்று கம்பெனியில் சேர்ந்தபோது தன் மூக்குத்தியைக் கழற்றியவள். துளை எப்போதோ தூர்ந்துபோயிருந்தது.

"யக்கா, இங்க மூக்குக் குத்தறவங்க யாராச்சும் இருக்காங்களா?" என்று கேட்டாள்.