கடைசிப் பாட்டில் தாழ்ந்த குரல்

அத்தானின் சைக்கிள் எப்போதும் தலைகீழாகத்தான் என் நினைவுக்கு வருகிறது. சீற்றும் ஹான்டிலும் நிலத்தில், சில்லு இரண்டும் வானத்தைப் பார்த்தபடி. மின்சாரம் இல்லாத யுத்த வருடங்களில் பின்சில்லோடு உரசும் டைனமோவிலிருந்துதான் எங்கள் உடுவில் வீட்டில் பாட்டுப் போடும் ரேப் ரெக்கோடருக்கு உயிர் வந்தது. பெடலை ஒருவர் கையால் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். சுற்றியது நான்.

அக்காவுக்கும் அத்தானுக்கும் கலியாணம் பேசி முற்றாக்கியிருந்தார்கள். ஞாயிறு பின்னேரங்களில் அவர் புத்தூரிலிருந்து வருவார். தாலி ஏறும்வரை இருவரையும் தனியே விடக்கூடாதல்லவா, "நீயும் போய்ப் பக்கத்திலை இரு பிள்ளை" என்று அம்மா என்னை அனுப்புவார். காவலும் நான், கரண்டும் நான். அதுவரை அக்கா எனக்குரியவள். ஒரே பாயில் படுத்து, ஒரே பாட்டை முணுமுணுத்து, ஊரில் உள்ளவர்களையெல்லாம் பழித்துச் சிரித்தவர்கள் நாங்கள். அவர் வந்த பிறகு அவள் என்னிடம் கதைப்பது "கொஞ்சம் விசையாச் சுத்தடி" என்பதோடு சரி. எனக்கு வயிறு எரிந்தது, அதை மறைப்பானேன்.

அவர் வீட்டில் ரேப் ரெக்கோடர் இல்லை. யாரோ கொடுத்த கசெற் ஒன்றை எங்கள் வீட்டில் கேட்கக் கொண்டுவந்தார். கிற்றாரை அலறவிட்டுப் பேரெடுத்த ஓர் ஆங்கில றொக் பாடகர், திடீரென்று அதை மூலையில் சாத்திவிட்டு, மெஷின் தாளமும் விறைத்த குரலுமாக நியூ வேவ் பாணியில் செய்துபார்த்த தொகுப்பு. எனக்கு அது அரிசி மில்லுக்குள் யாரோ ஒப்பாரி வைப்பதுபோல இருந்தது. அக்காவுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். ஆனால் அத்தான் தலையாட்டினால் அவளும் ஆட்டினாள்.

ஒரு ஞாயிறுதான் முதன்முறையாகக் கடைசிப் பாட்டுவரை போனோம். அது பாடும்போது இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். என் பக்கம் யாரும் திரும்பவில்லை. ஆத்திரத்தில் கையைத் தளர்த்தினேன். பாட்டு இழுபட்டது, பாடகரின் குரல் கிணற்றுக்குள் இறங்குவதுபோலத் தாழ்ந்தது. நன்றாக வேண்டும் என்று நான் நினைக்க, அத்தான் கண்ணை மூடிக்கொண்டார்.

"கேட்டீரே? உந்த இடத்திலை குரலை எப்பிடி இறக்கிறான் பாரும். உதுதான் புதுமை."

"ஓம், நெஞ்சைப் பிசையுது" என்றாள் அக்கா. அவள் கண் கலங்கியிருந்தது.

அடுத்த ஞாயிறு வேண்டுமென்றே சீராகச் சுற்றினேன். "இண்டைக்கு என்னவோ குறையுது" என்று அத்தான் பாட்டைத் திரும்பப் போட்டார். அக்காவின் முகம் வாடியதைப் பார்க்க முடியாமல் அந்த இடத்தில் கையைத் தளர்த்தினேன். அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் அப்படித்தான். கலங்குவது அவர்கள், கலங்க வைப்பது நான், பேர் பாடகருக்கு.

இத்தனை வருடங்களுக்குப் பிறகு, போன மாதம் அக்காவும் அத்தானும் கனடாவிலிருந்து வந்து, மருதனார்மடத்தில் என் வீட்டில் தங்கினார்கள். அத்தான் கைபேசியில் அதே தொகுப்பைப் போட்டு, அதன் கீழே உலகமெல்லாம் எழுதியிருந்த புகழ்ச்சியை வாசித்துக் காட்டினார். முன்பு ஏசியவர்களும் இப்போது மேதை என்கிறார்களாம். அன்று அத்தான்மீது இருந்த எரிச்சல் முழுவதும் எனக்கு அந்தப் பாடகர்மீது திரும்பியது. கடைசிப் பாட்டு வந்ததும் இருவரும் கதையை நிறுத்தினார்கள். குரல் இறங்காமலே அந்த இடம் வழுக்கிக்கொண்டு ஓடிப்போனது.

"பழைய பதிவைத் திருத்திறம் எண்டு நல்ல இடத்தைக் கெடுத்துப்போட்டாங்கள்" என்றார் அத்தான்.

"அது அந்தாள் இல்லை அத்தான்…" என்று தொடங்கினேன்.

அக்கா சிரித்தாள். "உனக்கு உது எங்கை விளங்கப்போகுது? நீ பெடல்தானே சுத்தினனி."

"ஓம்" என்றேன். பாட்டை இன்னொரு முறை போட்டார்கள். அந்த இடம் வந்தபோது மேசைக்குக் கீழே என் வலக்கை தானாகத் தளர்ந்தது. கைபேசி ஒரே வேகத்தில் பாடிக்கொண்டு போனது.