பின் அறைக்கு ஒட்டிய டைல்ஸ்

குளியலறையில் அப்பா வழுக்கி விழுந்த பிறகு, ஸ்ரீரங்கம் வீட்டை விற்பதென்று முடிவாயிற்று. மழைக்காலத்துக்குள் அவரைக் காட்டூரில் என் வீட்டுக்கு அழைத்துவந்துவிட வேண்டும். ஆனால் வீட்டைப் பூட்டிப் போட்டுவிட்டு வரமாட்டேன், விற்றால்தான் நகர்வேன் என்று அவர் ஒரே பிடிவாதம்.

வந்து பார்த்த இரண்டு பேரும் பின் அறைச் சுவரின் அடியில் பூத்திருந்த உப்பைப் பார்த்துவிட்டு, "யோசிச்சு சொல்றோங்க" என்று போனவர்கள்தான். கொள்ளிடத்தில் வெள்ளம் வந்தால் அந்த அறையில் சுவரோரமாகத் தண்ணீர் ஊறும். சின்ன வயதில் பாயைச் சுருட்டிக்கொண்டு கூடத்துக்கு ஓடியிருக்கிறேன்.

சரி, சின்னச் சின்ன வேலைகளைச் செய்துவிட்டுக் காட்டுவோம் என்று ஆரம்பித்தோம். வாசல் கதவுக்கு வார்னிஷ், ஜன்னல் கம்பிக்குக் கறுப்பு பெயின்ட், ஒழுகும் குழாய்க்கு மாற்று. தினமும் பஸ் ஏறி வந்து கூடவே நின்றேன். நின்றால்தான் பெயின்டர் டீ குடிக்கப் போனவர் திரும்பி வருவார்.

பின் அறைக்கு வந்த கொத்தனார், "உப்பைச் சுரண்டிட்டுப் பூசலாம் சார். வெள்ளம் வந்தா மறுபடி கிளம்பும்" என்றார்.

"சுரண்டவே வேண்டாம். மூணடிக்கு டைல்ஸ் ஒட்டிடுங்கோ, ஒண்ணும் தெரியாது" என்றார் அப்பா.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கணக்கு வாத்தியாராக இருந்தவர் அவர். வழியை எழுதாமல் விடையை மட்டும் எழுதினேன் என்று, பெற்ற மகள் என்றும் பாராமல் என் மதிப்பெண்ணை வெட்டியவர்.

"வாங்கறவாகிட்ட சொல்ல வேண்டாமாப்பா?"

"கேட்டா சொல்லிட்டாப் போச்சு."

அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு, கடைக்குப் போய் டைல்ஸின் நிறத்தைத் தேர்ந்தெடுத்தவள் நான்தான்.

அடுத்த வாரம் துறையூரிலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். இருவரும் ஆசிரியர்கள். கதவு, குழாய், சமையலறை எல்லாம் அவர்களுக்குப் பிடித்திருந்தது. பின் அறையில் அந்த அம்மா டைல்ஸைத் தடவிப் பார்த்துவிட்டு, "வெள்ளம் வந்தா இங்க தண்ணி ஊறுமா சார்?" என்று கேட்டார்.

அப்பா சொல்லிவிடுவார் என்று காத்திருந்தேன்.

"சேச்சே! ஒரு சொட்டு பார்த்ததில்லே. இவளைக் கேளுங்கோ, இங்கேயே பொறந்து வளர்ந்தவ."

அந்த அம்மா என் பக்கம் திரும்பினார். அப்பா சொன்னதுதான் சரி என்பதுபோல் நான் தலையை ஆட்டினேன்.

எங்கள் தெருவில் வீடு பார்க்க வருகிற யாரும் முதலில் பக்கத்து வீட்டுப் படியேறி விசாரித்துவிட்டுத்தான் வருவார்கள். அது எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை.

"பக்கத்து வீட்டம்மா எல்லாம் சொன்னாங்க" என்றார் அந்த அம்மா நிதானமாக. "போன வெள்ளத்துலகூட ஊறுச்சாமே. அது எங்களுக்குப் பெரிசில்லைங்க, இந்த ரூமை ஸ்டோரா வெச்சுக்கலாம்னுதான் இருந்தோம். இப்ப இன்னும் என்னென்னத்தை மூடி வெச்சிருக்கீங்களோன்னு பயமா இருக்கு. போயிட்டு வரோம்."

அவமானத்தில் வாசல்வரைகூட என்னால் போக முடியவில்லை. அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நான்தான் புத்தி கெட்டுச் சொன்னேன்" என்றார். "நீயாவது 'இல்லேப்பா, தண்ணி ஊறும்'னு சொல்லியிருக்கப்படாதா?"