ஆஞ்சப்பன் கொண்டுவந்த தீர்த்தம்

ஓசூரில் ஒரு கம்பெனியில் ஆஞ்சப்பன் காண்ட்ராக்ட் ஆள். பதினாறு வருஷமாகப் பெட்டி தூக்குகிறான். சூப்பர்வைசருக்கு இன்னும் அவன் பெயர் தெரியாது. "ஏய், நீ" என்றுதான் கூப்பிடுவார். ஆனால் வருஷத்தில் ஒரு நாள், எங்கள் மாரியம்மன் திருவிழாவில், அவனுக்கு மாலை போட்டு ஊரே கும்பிடும். தென்பெண்ணையிலிருந்து தீர்த்தக்குடம் எடுத்துவரும் உரிமை அவன் குடும்பத்துக்கு. அந்த ஒரு நாளுக்காகத்தான் மற்ற நாளெல்லாம் பெட்டி தூக்குகிறான் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

வழக்கப்படி குடம் எடுப்பவன் ஆற்றுக்குத் தனியாகத்தான் போக வேண்டும். மற்றவர்கள் ஊர் எல்லையில் பம்பை அடித்துக்கொண்டு காத்திருப்போம். இந்த வழக்கம் எல்லோருக்கும் வசதியாகப் போய்விட்டது. ஆற்றில் ஆள் உயரத்துக்குக் கழிவு நுரை மிதக்கத் தொடங்கிய வருஷத்திலிருந்து ஆஞ்சப்பன் அந்தப் பக்கமே போவதில்லை. பஸ் ஸ்டாப் அருகே காசு போட்டால் சுத்தமான தண்ணீர் கொட்டும் மெஷினில் குடத்தை நிரப்பி, மஞ்சளும் வேப்பிலையும் போட்டு, ஈர வேட்டியோடு பக்தியாக வந்து சேருவான். ஊருக்கே தெரியும். யாரும் கேட்டதில்லை. பெண்ணையாற்றுத் தண்ணீர் என்ன ருசி என்று சொல்லி நானே இரண்டாம் முறை கை நீட்டியிருக்கிறேன்.

இந்த வருஷம் திருவிழா அன்று காலையிலிருந்தே கரண்ட் இல்லை. மெஷின் செத்துக் கிடந்தது. வெறுங்குடத்தோடு திரும்பினால் உரிமை பங்காளி கோவிந்தனுக்குப் போய்விடும். அவன் ஐந்து வருஷமாக அதற்குத்தான் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டிருக்கிறான். வேறு வழியில்லாமல் ஆஞ்சப்பன் யோக்கியனானான். ஆற்றில் இறங்கி, நுரையைக் கையால் ஒதுக்கி, மொண்டு வந்தான். ஊர் எல்லைக்கு வருவதற்குள் காலெல்லாம் அரிப்பு எடுத்துவிட்டதாம்.

பூசாரி குடத்தை அம்மன் தலையில் கவிழ்த்தார். பொங்கிய நுரை முகத்தில் வழிந்து மூக்குத்தியை மூடியது. நாற்றம் வாசல்வரை வந்தது. பம்பைக்காரர்கள் அடிப்பதை நிறுத்தினார்கள்.

ஊர்க்கவுண்டர் நல்ல மனுஷன். தப்பிக்க அவரே வழி எடுத்துக் கொடுத்தார். குடத்தில் சோப்பு ஒட்டியிருந்ததா, பெண்டாட்டி சரியாகக் கழுவவில்லையா என்று கேட்டார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தீர்ந்திருக்கும். ஆஞ்சப்பன் பெண்டாட்டி மாதேஸ்வரியைப் பார்த்தான். பொழுது விடிந்ததும் புளி போட்டுக் குடத்தைத் தேய்த்துக் கொடுத்தவள் அவள்.

"கொடத்து மேல குத்தமில்லீங்க. நெசமாவே ஆத்துலதான் மொண்டுக்கிட்டு வந்தன்."

கோவிந்தன் முன்னால் வந்தான். "அம்மன் தலையில ஊத்தற தண்ணியாடா அது? ஆத்துல மொண்டன்னு வாய் கூசாம சொல்றான் பாருங்க."

கூட்டம் ஆமாம் என்றது. சாமி குத்தம் என்றார்கள். உரிமையைக் கோவிந்தனுக்கு மாற்ற அரைமணி நேரம்கூட ஆகவில்லை.

"அப்ப எங்கதான் போயி மொள்றதுங்க?" என்று ஆஞ்சப்பன் கேட்டான். அவன் குத்திக்காட்டுவதற்காகக் கேட்கவில்லை, தெரியாமல்தான் கேட்டான்.

தலையில் கட்டியிருந்த பரிவட்டத்தைக் கழற்றச் சொன்னார்கள். ஈரத்தில் முடிச்சு இறுகி அவன் கைக்கு வரவில்லை. பின்னால் நின்ற நான்தான் அவிழ்த்துக் கொடுத்தேன்.