மச்சாள் ஒளித்துவைத்த புதையல்

என் கையிலிருந்த கிணற்றுக் கயிறு மெல்ல மெல்ல நிலத்துக்குள் போய்க்கொண்டிருந்தது. சற்று நின்றது. பிறகு மறுபடியும் இழுபட்டது. கயிற்றின் மறுமுனை என் மச்சாளின் இடுப்பில் இருந்தது. அவர் இடிகுண்டின் அடியில் இருந்த குகைக்குள் ஒரு ரோச் லைற்றோடு தவழ்ந்து போய்க்கொண்டிருந்தார். கல்யாணமாகி உரும்பிராய்க்கு வந்து அதிக நாளாகாத நான், வாயில் வந்த எல்லாத் தெய்வங்களையும் கூப்பிட்டபடி மேலே நின்றேன்.

மச்சாள் என் கணவரின் அக்கா. அவருடைய சீதனக் காணியின் வடக்கு மூலையில் இருந்தது அந்த இடிகுண்டு. உள்ளே சுண்ணக்கல் கரைந்து கரைந்து வெறுமையாகி, எந்தக் காலத்திலோ மேல்நிலம் இடிந்து விழுந்ததால் உண்டான பள்ளம். அதன் அடியில், குனிந்தால் ஓர் ஆள் நுழையக்கூடிய ஒரு வாய். பறங்கியர் படையெடுத்து வந்தபோது நல்லூரின் கடைசி அரசன் தன் பொன்னையெல்லாம் சுரங்கப்பாதையால் கொண்டுவந்து அதற்குள் வைத்தான் என்றும், பூதம் காவல் இருக்கிறது என்றும் ஊரில் கதை. தோட்டத்துக்கு வரும் கூலியாட்கள்கூட அந்தப் பக்கம் முதுகு காட்டி உட்கார்ந்து சாப்பிடமாட்டார்கள்.

மச்சாளின் கணவரை நான் அண்ணை என்று கூப்பிடுவேன். புகையிலைத் தோட்டத்தில் மாடாய் உழைக்கிற மனிதர். ஆனால் எதையாவது நம்பத் தொடங்கினால் அதிலிருந்து அவரை இறக்க முடியாது. எண்பத்து மூன்றாம் ஆண்டு தொடங்கியபோது, மை போட்டுப் பார்க்கிற ஒருவரும் கிணற்றுக்கு வெடிவைக்கிற ஒருவரும் அவரோடு கூட்டுச் சேர்ந்தார்கள். குகை ஓரிடத்தில் ஒடுங்குகிறதாம், அந்த ஒடுக்கத்துக்கு அப்பால் பொன் இருப்பது மையில் தெரிகிறதாம். வெடி வைத்து அந்தக் கல்லைப் பிளப்பதென்று முடிவாயிற்று.

மச்சாளுக்குப் பொன்னைப்பற்றியோ பூதத்தைப்பற்றியோ கவலையில்லை. கிணற்றைப்பற்றித்தான் கவலை. இடிகுண்டுக்குக் கிட்டத்தான் தோட்டக் கிணறு. கோடையிலும் வற்றாத நல்ல தண்ணீர். அயலில் ஒரு கிணற்றை ஆழமாக்குவதற்கு வெடி வைத்து, கல் பிளந்து, உப்புத் தண்ணீர் ஏறி, அந்தத் தோட்டமே பாழாய்ப் போனதை அவர் கண்ணால் கண்டவர். அண்ணையிடம் கெஞ்சிப் பார்த்தார், சண்டை போட்டுப் பார்த்தார், இரண்டு நாள் சமைக்காமலும் இருந்து பார்த்தார். எதுவும் நடக்கவில்லை. வெடிமருந்து வாங்க மூன்று பேரும் புறப்பட்டுப் போன அன்று காலையில்தான் மச்சாள் என்னைக் கூப்பிட்டார்.

“வாரும், கயிறு பிடிக்க ஒரு ஆள் வேணும். உள்ளை ஒண்டுமில்லை எண்டதை நானே பாத்துவந்து சொன்னால் நம்புவினம்தானே.”

“மச்சாள், வேண்டாம். பாம்பு கீம்பு கிடக்கும்.”

“பாம்பு என்னைக் கண்டு பயப்பிடட்டும்” என்று சீலையைத் தார்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு இறங்கிவிட்டார்.

அவர் வெளியே வந்தபோது தலையிலிருந்து கால்வரை வெள்ளைச் சேறு. முழங்கை உரிந்திருந்தது. விளிம்பில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். ஒடுக்கமான இடத்தில் ஒருக்களித்துப் படுத்து நுழைந்தாராம். அப்பால் ஒரு சின்ன அறை அளவுக்கு இடம், அதற்குள் தண்ணீர். “என்ன தெளிவெண்டு நினைக்கிறீர்! லைற்றை அடிச்சால் அடிக்கல்லு தெரியுது. ஒரு பழைய சட்டி ஓடுகூட இல்லை.” கையால் அள்ளிக் குடித்தும் பார்த்திருக்கிறார். எங்கள் கிணற்றுத் தண்ணீரின் அதே ருசி என்றார்.

பின்னேரம் வந்த மூன்று பேருக்கும் அதையே சொன்னார். வெடிவைக்கிறவர் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு அண்ணையிடம் திரும்பினார். “ஒண்டுமில்லாத இடத்துக்கு ஒரு பொம்பிளை ஏன் இறங்கினவ? எங்களை அனுப்பிப்போட்டு எடுத்துப்போட்டா, விளங்கேல்லையே?”

வீட்டைக் கிளறத் தொடங்கினார்கள். அடுப்படி, நெல் மூட்டைகள், வைக்கோற்போர், மாட்டுத் தொட்டி எதையும் விடவில்லை. எனக்கு அழுகை வந்தது. மச்சாள் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் முகத்தில் ஏதோ மாறியது அப்போதுதான். என் காதருகே வந்து, “தேடட்டும். வீட்டைத் தேடினால் கிணறு தப்பும்” என்றார்.

அன்றிலிருந்து அவர் எதையும் மறுக்கவில்லை. கூட்டாளிகள் இருவரும் வெடிமருந்தைத் தூக்கிக்கொண்டு, புருசனும் பெண்சாதியும் சேர்ந்து ஏமாற்றிவிட்டார்கள் என்று திட்டியபடி போனார்கள். அண்ணை மட்டும் முற்றத்தில் நின்று கேட்டார். “எங்கை வைச்சிருக்கிறீர்?”

“இருக்கவேண்டிய இடத்திலை இருக்கு” என்றார் மச்சாள்.

கனகாலம் அண்ணை அவரோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. ஊரும் விடவில்லை. மச்சாள் புதுச் சீலை கட்டினாலும் கதை, பழைய சீலையோடு கோவிலுக்குப் போனாலும் கதை. உறவுக்காரர்கள் சாடையாகக் கைமாற்றுக் கேட்டார்கள், இல்லையென்றதும் வராமல் விட்டார்கள். என்னிடம்கூட அவர் அதைப்பற்றிக் குறைப்பட்டதில்லை. பிறகு சண்டைக்காலம் வந்தது. ஒருமுறை தோளில் துவக்கோடு சில இளம் பெடியள் தங்கம் கேட்டு வந்தார்கள். மச்சாள் அவர்களை நேரே இடிகுண்டுக்குக் கூட்டிக்கொண்டுபோய், “கயிறு தாறன் தம்பியவை, இறங்கி எடுங்கோ” என்றார். ஒருவன் எட்டிப் பார்த்தான். கிணற்றடியில் கைகால் கழுவி, தண்ணீர் குடித்துவிட்டுப் போய்விட்டார்கள். அதைப் பார்த்திருந்த அண்ணைக்குக் கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. “என்ரை மனிசி லேசுப்பட்ட ஆளில்லை, ஆருக்கும் இடத்தைக் காட்டமாட்டா” என்று என் கணவரிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அன்றிரவு இருவரும் ஒன்றாக இருந்து சாப்பிட்டார்கள்.

தொண்ணூற்றைந்தில் ஆமி செல் குண்டடித்தபடி முன்னேறிவர, மழையோடு மழையாக எங்கள் வலிகாமப் பகுதியே எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தது. கைதடிப் பக்கம் போகும் தெருவில் காலடி வைக்க இடமில்லை. எல்லாரும் அழுதுகொண்டு நடந்தோம். அண்ணை அழவில்லை. சைக்கிளில் மூட்டைகளைக் கட்டி உருட்டியபடி, அறிந்தவர்களுக்கெல்லாம் ஆறுதல் சொல்லிக்கொண்டு வந்தார். இடையில் மச்சாளிடம் மெதுவாகக் கேட்டது என் காதில் விழுந்தது. “செல் விழுந்தாலும் அதுக்கு ஒண்டும் ஆகாதே?”

மச்சாள் என்னைப் பார்த்தார். உண்மையைச் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். சைக்கிளில் சரிந்திருந்த மூட்டையை நிமிர்த்தி வைத்தார்.

“ஆகாது. நல்ல ஆழத்திலை கிடக்கு. நீங்கள் யோசியாமல் நடவுங்கோ.”

சாவகச்சேரிக்கு அப்பால் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் எங்களுக்கு இடம் கிடைத்தது. அதே அறையில் இன்னொரு குடும்பமும் இருந்தது. தாய், தகப்பன், இரண்டு பெண்பிள்ளைகள். ஓலைவீடு எரிந்துபோய் வந்தவர்கள். சொந்தக் காணியும் இல்லை. அண்ணைக்குக் காய்ச்சல் கண்டது. மருந்துக்குத் தட்டுப்பாடு. படுத்தபடியே அவர் புதையலைப் பங்கிடத் தொடங்கினார். கோவிலுக்கு இவ்வளவு, எனக்கு ஒரு சோடி காப்பு. பிறகு அந்தத் தாயைக் கூப்பிட்டு, “தங்கச்சி, திரும்பிப் போனவுடனை உங்களுக்குக் காணி எடுத்து ஒரு கல்வீடு கட்டித்தாறன். மனிசியிட்டைச் சொல்லியிருக்கிறன்” என்றார். மச்சாள் அவர் நெற்றியில் ஈரத்துணியை மாற்றிக்கொண்டு, “ஓம், குடுப்பம், குடுப்பம்” என்றார். சில நாளில் அண்ணை போய்விட்டார். கடைசிவரை அந்த முகத்தில் இல்லாமையின் கவலை இருக்கவில்லை.

ஊருக்குத் திரும்பியபோது வீட்டுக் கூரை இல்லை, தோட்டம் பற்றையாகக் கிடந்தது. கிணற்றில் மட்டும் தண்ணீர் இருந்தது. அதை இறைத்துச் சுத்தமாக்கிய பிறகு மச்சாள் செய்த முதல் வேலை, அந்தக் குடும்பத்தைத் தேடிப்பிடித்து அழைத்துவந்ததுதான். காணியின் கிழக்குப் பக்கத்தில் ஒரு துண்டைக் காட்டி, கிணற்றிலும் பங்கு உண்டு என்றார். வீட்டை நீங்கள்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டவேண்டும் என்றும் சொன்னார். அந்தத் தாய் பின்வாங்கினார்.

“ஐயோ அக்கா, அண்ணை காய்ச்சலிலை பிசத்தினது. அதைப்போய்...”

“காய்ச்சலிலை சொன்னாலும் சொன்னவர் என்ரை மனிசன்” என்றார் மச்சாள்.

மச்சாள் இப்போது இல்லை. போன மாதம் நான் உரும்பிராய்க்குப் போயிருந்தேன். கிழக்குப் பக்கத்தில் அந்தக் கல்வீடு இருக்கிறது. மூத்த பெண்பிள்ளை, இப்போது அவளுக்கும் பிள்ளைகள், கிணற்றில் இறைப்பு மிசின் போட்டு வெங்காயத்துக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டு நின்றாள். என்னைக் கண்டதும் வரம்பால் ஓடிவந்து கையைப் பிடித்தாள். அவளுடைய கை ஈரமாக, குளிர்ந்து இருந்தது.